வீட்டு இணைப்பில் மைன்கிராஃப்ட் சர்வர்: நண்பரின் இணைப்பு எங்கே தடைபடுகிறது?

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்புக்கான சர்வர் மென்பொருளை அதை உருவாக்கிய மோஜாங் நிறுவனமே இலவசமாகத் தருகிறது. சும்மா கிடக்கும் ஒரு கணினியும் ஃபைபர் இணைப்பும் இருந்தால் நண்பர்களுக்கென்று சொந்தமாக ஓர் உலகத்தை வீட்டிலேயே நடத்தலாம் என்று பலரும் ஆர்வத்துடன் தொடங்குகிறார்கள். சர்வர் ஓடுகிறது; அதே கணினியில் ஆட்டத்தைத் திறந்தால் உள்ளே போக முடிகிறது; பக்கத்து அறையில் வைஃபையில் இருக்கும் தம்பியும் சேர்ந்துவிடுகிறான். வேறு ஊரில் இருக்கும் நண்பருக்கு மட்டும் இணைப்பு கிடைப்பதில்லை. இந்தக் கட்டத்தில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டிலுள்ள ஒரு கணினிக்குத் திருப்பிவிடும் 'போர்ட் ஃபார்வர்டிங்' பக்கத்தை ரவுட்டரில் திறந்து, கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிப் பார்க்கிறார்கள். ஃபயர்வாலை முழுவதுமாக அணைத்துவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே தவறான தொடக்கம். நண்பரின் கணினியிலிருந்து புறப்பட்ட பாக்கெட் (இணையத்தில் செல்லும் தரவுத் துண்டு) எந்த இடம்வரை வந்து சேர்ந்தது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எதையும் மாற்ற வேண்டும்.

அந்தப் பாக்கெட் நண்பரின் இணைய நிறுவனத்தைக் கடந்து, உங்கள் இணைய நிறுவனத்தின் கருவிகளுக்கு வந்து, அங்கிருந்து வீட்டு ரவுட்டருக்கும், பிறகு சர்வர் கணினியின் ஃபயர்வாலுக்கும், கடைசியாக 25565 என்ற டிசிபி போர்ட்டில் (போர்ட் என்பது எந்த நிரலுக்கான இணைப்பு என்று காட்டும் எண்; டிசிபி, யுடிபி என்பவை தரவை அனுப்பும் இரு முறைகள்) காத்திருக்கும் சர்வர் நிரலுக்கும் வர வேண்டும். சோதனையைச் சர்வரிலிருந்து தொடங்கி வெளிப்புறமாக நகர்த்துவதே முறை. ஆனாலும் ஒரே ஒரு சோதனையை எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்துவிடுவது நல்லது. அதற்கு ஓரிரு நிமிடங்களே ஆகும். அதன் விடை பாதகமாக இருந்தால் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தைத் திறக்கவே தேவையில்லை.

ரவுட்டருக்குள் நுழைந்து, 'ஸ்டேட்டஸ்' பக்கத்தில் 'வேன் ஐபி' என்று காட்டப்படும், ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, உங்கள் ஐபி முகவரியைக் காட்டும் ஏதேனும் ஓர் இணையதளத்தைத் திறந்து, வெளியுலகுக்குத் தெரியும் முகவரியைப் பாருங்கள். விபிஎன் எதுவும் ஓடாத நிலையில் இரண்டும் ஒன்றாக இருந்தால், வெளியிலிருந்து வரும் பாக்கெட் உங்கள் ரவுட்டரின் வாசல்வரை வர வழி இருக்கிறது. இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டரில் தெரிவது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், உங்கள் வீட்டுக்கென்று தனிப் பொது முகவரி ஒதுக்கப்படவில்லை. ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தரும் சிஜிநாட் என்ற ஏற்பாட்டின் பின்னால் நீங்கள் இருக்கிறீர்கள்.

இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துப் 'போர்ட்டைத் திறந்துவிடுங்கள்' என்று மன்றாடுவதில் ஏன் பலனில்லை என்பது விளங்கும். இணைய முகவரியின் பழைய வடிவமான ஐபிவி4 முகவரி 32 பிட் நீளமுள்ளது. எனவே மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே இருக்க முடியும். இது போதாது என்பது 1990களிலேயே உணரப்பட்டது. ஒரு வீடோ அலுவலகமோ உள்ளே எத்தனை கருவிகளை வைத்திருந்தாலும் வெளியே ஒரே முகவரியைக் காட்டும் நாட் என்ற முறை 1994இல் முன்வைக்கப்பட்டது. 192.168, 10, 172.16 ஆகிய எண்களில் தொடங்கும் தொகுதிகளை உள் பயன்பாட்டுக்கென ஒதுக்கிய ஆவணம் 1996இல் வந்தது. 2011 பிப்ரவரியில் உலக அளவிலான பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள், முகவரிகளைப் பங்கிடும் ஐந்து மண்டலப் பதிவகங்களுக்கும் பிரித்துத் தரப்பட்டன. ஆசிய பசிபிக் மண்டலத்துக்கான ஏப்னிக், அதே ஆண்டு ஏப்ரலிலேயே தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. ஐந்து பதிவகங்களில் அந்த நிலையை முதலில் எட்டியது அதுதான். இந்தியாவும் இலங்கையும் மலேசியாவும் சிங்கப்பூரும் இந்த மண்டலத்தில்தான் அடங்குகின்றன. கோடிக்கணக்கானோர் புதிதாக இணையத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான். 2012 ஏப்ரலில், இணைய நிறுவனங்கள் தங்கள் வலையமைப்புக்குள் பகிர்ந்து பயன்படுத்துவதற்கென்றே 100.64.0.0 தொடங்கி ஏறத்தாழ 42 லட்சம் முகவரிகள் ஒதுக்கப்பட்டன. உங்கள் ரவுட்டரில் தெரியும் அந்த எண் அங்கிருந்து வந்ததே.

சிஜிநாட் பின்னால் இருக்கும்போது, நீங்கள் வெளியே அனுப்பும் கோரிக்கைக்கு மட்டும் நிறுவனத்தின் கருவி ஒரு தற்காலிகப் பதிவை வைத்துக்கொண்டு பதிலைத் திருப்பி அனுப்பும். வெளியிலிருந்து தானாக 25565க்கு ஒரு பாக்கெட் வந்தால், அதே முகவரியைப் பகிரும் வீடுகளில் எதற்கு அனுப்புவது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது, கைவிட்டுவிடும். உங்கள் ரவுட்டரில் எழுதிவைத்த விதி எவ்வளவு சரியாக இருந்தாலும் அதற்கு வேலையே வராது. மாறிக்கொண்டே இருக்கும் பொது முகவரியை ஒரே பெயருடன் இணைத்துவைக்கும் டைனமிக் டிஎன்எஸ் சேவையும் இங்கே கைகொடுக்காது. அது காட்டப்போகும் முகவரி உங்களுடையது மட்டும் அன்று.

இந்தச் சோதனையில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. ரவுட்டரின் வேன் முகவரி 192.168 என்று தொடங்கினால், அதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: நிறுவனம் பொருத்திய ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டர், அதன் பின்னால் நீங்கள் வாங்கிவைத்தது இன்னொரு ரவுட்டர். ஃபைபர் பெட்டியை, ரவுட்டராக இயங்காமல் இணைப்பை அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லலாம். அல்லது இரண்டிலும் போர்ட் ஃபார்வர்டிங் விதி எழுதலாம். அதற்கும் முன்னதாக, அந்த முதல் பெட்டியின் வேன் முகவரியைப் பார்த்து அது பொது முகவரிதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அடுத்தது, பாக்கெட் செல்லும் வழியை வரிசையாகக் காட்டும் 'டிரேஸ்ரூட்' கட்டளையில் இரண்டாவது வரியில் 10 என்று தொடங்கும் முகவரி வந்தாலே சிஜிநாட் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நிறுவனங்கள் தங்கள் உள் கருவிகளுக்கு அத்தகைய முகவரிகளை வைப்பது வழக்கம். வேன் முகவரியையும் வெளியே தெரியும் முகவரியையும் ஒப்பிடுவதே உறுதியான சான்று.

இனி சர்வர் கணினிக்கு வரலாம். சர்வரின் கருப்புத் திரையில் ஓடும் வரிகளைப் படிக்காமலேயே வலையமைப்பைக் குறைசொல்வது மிகப் பரவலான வழக்கம். முதல் முறை இயக்கும்போது சர்வர் உடனே நின்றுவிட்டால், 'யூலா' என்ற கோப்பில் 'ஃபால்ஸ்' என்றிருப்பதை 'ட்ரூ' என்று மாற்றி உரிம விதிகளை ஏற்க வேண்டும் என்பதே காரணம். 'கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 65' என்று பிழை காட்டினால் சர்வரை ஓட்டும் ஜாவா மென்பொருள் பழையது என்று பொருள்: மைன்கிராஃப்ட் 1.18க்கு ஜாவா 17 தேவை, 1.20.5க்கு ஜாவா 21 தேவை. 65 என்பது ஜாவா 21ஐக் குறிக்கும் எண். 'ஃபெயில்ட் டு பைண்ட் டு போர்ட்' என்று வந்தால் இரண்டு வாய்ப்புகள் உண்டு. சரியாக மூடப்படாத பழைய சர்வர் இன்னும் பின்னணியில் ஓடி அந்தப் போர்ட்டைப் பிடித்துவைத்திருக்கலாம்; அல்லது அமைப்புக் கோப்பில் 'சர்வர் ஐபி' என்ற இடத்தில் யாரோ சொன்னதைக் கேட்டுப் பொது முகவரியை எழுதியிருக்கலாம். அந்தப் பொது முகவரி ரவுட்டரிடம் இருக்கிறது. தன்னிடம் இல்லாத ஒரு முகவரியில் கணினியால் காத்திருக்க முடியாது. அந்த இடத்தை வெறுமையாக விடுவதே பெரும்பாலான வீடுகளுக்குச் சரி. 'டன்' என்று தொடங்கும் வரி வந்த பிறகுதான் சர்வர் ஆட்டக்காரர்களை ஏற்கத் தயாராகிறது.

வீட்டில் உள்ள இன்னொரு கணினியிலிருந்து, 192.168 என்று தொடங்கும் சர்வர் முகவரிக்கு இணைந்து பார்ப்பது அடுத்த படி. சர்வர் கணினியில் வேலை செய்து, இன்னொரு கணினியில் வேலை செய்யாவிட்டால், விண்டோஸ் ஃபயர்வால் மீதுதான் முதல் சந்தேகம் விழ வேண்டும். இங்கே பலரைச் சுற்றவிடும் நுட்பம் ஒன்று இருக்கிறது. சர்வரை முதன்முதலாக இயக்கும்போது, ஜாவாவை அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் ஒரு சிறு பெட்டியில் கேட்கும். அவசரத்தில் 'கேன்சல்' அழுத்தினால், கேள்வி மறைந்துவிடுவதோடு நிற்காமல், அந்த ஜாவா நிரலுக்கு வரும் இணைப்புகளைத் தடுக்கும் விதி ஒன்றும் பட்டியலில் பதிவாகிவிடுகிறது. பின்னர் 25565ஐ அனுமதிக்கும் விதியை எத்தனை முறை எழுதினாலும் பயன் இருக்காது. விண்டோஸ் ஃபயர்வாலில் அனுமதியும் தடையும் மோதினால் தடையே வெல்லும். ஃபயர்வாலின் உள்வரும் விதிகளின் பட்டியலைத் திறந்து, 'ஜாவா' என்றோ 'ஓபன்ஜேடிகே' என்றோ பெயரிட்டுச் சிவப்புக் குறியுடன் நிற்கும் வரிகளைத் தேடி நீக்க வேண்டும். இணைப்பு 'பப்ளிக்' வகையில் இருக்கிறதா 'பிரைவேட்' வகையில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு எழுதிய விதி மற்றதற்குப் பொருந்தாது. ஜாவாவைப் புதுப்பித்த மறுநாள் சர்வர் மறுபடி எட்டாமல் போவதற்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும்: நிரலின் இருப்பிடத்தைக் குறித்து எழுதப்பட்ட விதி, புதிய பதிப்பு வேறு கோப்புறையில் நிறுவப்பட்டதும் செல்லாததாகிவிடுகிறது.

பொது முகவரி உறுதியாகி, வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருந்தால்தான் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்துக்குப் போகும் நேரம் வருகிறது. வெளியிலிருந்து 25565க்கு வரும் டிசிபி பாக்கெட்டைக் குறிப்பிட்ட உள் முகவரியின் 25565க்கு அனுப்பு என்பதே அந்த விதி. ஆட்டத்துக்கு ஆட்டம் இது மாறும். மைன்கிராஃப்டின் பெட்ராக் பதிப்பு யுடிபியில் 19132ஐப் பயன்படுத்துகிறது. டெர்ரேரியா டிசிபியில் 7777ஐயும், ஃபேக்டோரியோ யுடிபியில் 34197ஐயும் எதிர்பார்க்கின்றன. எண் சரியாக இருந்து டிசிபி, யுடிபி தேர்வு தவறினால் விதி இருந்தும் இல்லாததே. உள் முகவரி மாறாமலிருக்க, ரவுட்டரில் உள் முகவரிகளைப் பங்கிடும் டிஹெச்சிபி பகுதியில் சர்வர் கணினிக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட வேண்டும். நேற்றுவரை வேலை செய்தது மின்வெட்டுக்குப் பிறகு நின்றுபோனால், கணினிக்கு வேறு உள் முகவரி கிடைத்திருப்பதோ, ரவுட்டருக்கு வேறு பொது முகவரி கிடைத்திருப்பதோதான் பெரும்பாலும் காரணம். பின்னதற்கு டைனமிக் டிஎன்எஸ் உண்மையிலேயே நல்ல தீர்வு. ரவுட்டரில் யுபிஎன்பி வசதியை இயக்கிவிட்டால் தானாகவே போர்ட் திறந்துகொள்ளும் என்ற நம்பிக்கை ஜாவா பதிப்புக்கு மோஜாங் தரும் சர்வருக்குப் பொருந்தாது. அது ரவுட்டரிடம் அப்படிக் கேட்பதே இல்லை.

நண்பரின் திரையில் வரும் பிழைச் செய்தியைச் சொல்லுக்குச் சொல் கேட்டு வாங்குவது பெரிய உதவி. 'அன்னோன் ஹோஸ்ட்' என்றால் பெயரையே முகவரியாக மாற்ற முடியவில்லை. எழுத்துப் பிழையையும் டிஎன்எஸ் பதிவையும் பார்க்க வேண்டும். 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்' என்றால் பாக்கெட் வழியில் எங்கோ சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. சிஜிநாட், ரவுட்டர், கணினியின் ஃபயர்வால் ஆகிய மூன்றில் எதுவும் அதைச் செய்திருக்கலாம். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்றால் ஏதோ ஒரு கருவி பாக்கெட்டைப் பெற்று, இங்கே இந்தப் போர்ட்டில் யாரும் இல்லை என்று பதில் அனுப்பியிருக்கிறது. அந்தக் கருவி உங்கள் சர்வர் கணினியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. விதி இல்லாத போர்ட்டுக்குச் சில ரவுட்டர்கள் தாமே மறுப்பு அனுப்புகின்றன. அத்துடன், விண்டோஸ் ஃபயர்வால் இயங்கும் கணினியில் சர்வர் நின்றுபோயிருந்தாலும், வெளியே இருப்பவருக்கு மறுப்பு வராமல் நேரம் கடந்த செய்தியே வரும். காத்திருக்கும் நிரல் இல்லாத போர்ட்டுக்கு மறுப்பு அனுப்புவதையும் அந்த ஃபயர்வால் அடக்கிவிடுகிறது. ஆகையால் இச்செய்திகள் திசை காட்டும், தீர்ப்புச் சொல்லா.

சோதிக்கும் முறையிலேயே தவறு நேர்ந்து, சரியாக இருக்கும் அமைப்பைக் கலைத்துவிடுவதும் நடக்கிறது. வீட்டு வைஃபையில் இருந்தபடியே உங்கள் பொது முகவரிக்கு இணைந்து பார்த்து, அது தோற்றால் போர்ட் திறக்கவில்லை என்று முடிவு செய்யக் கூடாது. உள்ளிருந்து புறப்பட்டு வெளி முகவரியைத் தொட்டு மீண்டும் உள்ளே திரும்பும் பாக்கெட்டைக் கையாளப் பல வீட்டு ரவுட்டர்களுக்குத் தெரியாது. அப்போதும் வெளியூர் நண்பருக்கு எல்லாம் சரியாக வேலை செய்துகொண்டிருக்கும். ஒரு மடிக்கணினியை ஃபோனின் மொபைல் டேட்டாவில் இணைத்துச் சோதிப்பதே நம்பத்தக்கது. போர்ட் திறந்திருக்கிறதா என்று காட்டும் இணையதளங்களும், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே உண்மையைச் சொல்லும். அவற்றில் பெரும்பாலானவை டிசிபியை மட்டுமே சோதிப்பதால், பெட்ராக் சர்வர் நன்றாக இயங்கும்போதும் 'மூடியிருக்கிறது' என்றே காட்டும்.

சிஜிநாட் என்று உறுதியானவர்களுக்கும் வழிகள் உண்டு. நேரான வழி, மாதக் கட்டணம் செலுத்தி நிறுவனத்திடம் பொது ஐபி முகவரி ஒன்றை வாங்குவது. பணம் தரத் தயாரானவர்கள் வேறெதையும் யோசிக்காமல் இதைச் செய்வதே மேல் என்பது என் கருத்து. மற்ற வழிகளில் எல்லாம் இன்னொரு நிரலோ இன்னொரு நிறுவனமோ நடுவில் வந்து சேர்கிறது. இரண்டாவது, இணைய முகவரியின் புதிய வடிவமான ஐபிவி6. இதில் முகவரிப் பஞ்சம் இல்லாததால் ஒவ்வொரு கணினிக்கும் பொது முகவரி கிடைக்கிறது. ஃபார்வர்டிங் தேவையில்லை, ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை அனுமதித்தால் போதும். எதிர்முனையில் உள்ள நண்பருக்கும் ஐபிவி6 இருக்க வேண்டும். முகவரியைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட வேண்டும். எல்லா ரவுட்டர்களும் அந்த ஃபயர்வாலைத் திருத்த விடுவதில்லை என்பதே இதில் உள்ள தடங்கல்.

மூன்றாவது, டெய்ல்ஸ்கேல், ஸீரோடியர் போன்ற மென்பொருள்களால் நண்பர்களின் கணினிகளை ஒரே தனி வலையமைப்பில் சேர்ப்பது. மூன்று நான்கு பேர் மட்டும் ஆடும் சர்வருக்கு இது மிகவும் பாதுகாப்பானது. போர்ட் எதுவும் பொது இணையத்துக்குத் திறக்கப்படுவதில்லை. டெய்ல்ஸ்கேல் தன் பயனர்களுக்குத் தருவதும் அதே 100.64 தொகுதி முகவரிகளைத்தான். எனவே அதை நிறுவிய பிறகு கணினியில் 100 என்று தொடங்கும் முகவரியைக் கண்டு சிஜிநாட் என்று குழம்ப வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது எப்போதும் ரவுட்டரின் வேன் முகவரியைத்தான். நண்பர்கள் எதையும் நிறுவ மாட்டார்கள் என்றால், இணைப்பை இன்னொரு கணினி வழியாகக் கடத்தித் தரும் ப்ளேஇட் போன்ற டனல் சேவையோ, வாடகைக்கு எடுத்த சிறு விபிஎஸ் (இணையத்தில் உள்ள மெய்நிகர் கணினி) ஒன்றில் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் வழியாக நீங்களே அமைக்கும் டனலோ மிஞ்சுகிறது. இவற்றில் எல்லாப் பாக்கெட்டும் இடைக் கணினி வழியாகச் சுற்றி வருவதால், அது எந்த ஊரில் இருக்கிறது என்பது முக்கியம். சர்வர் மதுரையிலும் ஆடுபவர் திருச்சியிலும் இருக்க, இடைக் கணினி ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்தால், ஒவ்வொரு சொடுக்கும் ஐரோப்பா போய்த் திரும்பிய பிறகே கட்டை உடையும். மும்பையிலோ சென்னையிலோ உள்ள இடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இணைப்பு கிடைத்த பிறகு வரும் புகார் 'லேக்'. இதிலும் இரண்டு வேறு நோய்கள் ஒரே பெயரில் உலவுகின்றன. மைன்கிராஃப்ட் உலகம் வினாடிக்கு 20 முறை கணக்கிடப்படுகிறது. ஒவ்வொரு முறைக்கும் 50 மில்லிவினாடி நேரம். கணினியால் அதற்குள் முடிக்க முடியாமல் 2 வினாடிக்கு மேல் பின்தங்கினால் சர்வர் திரையில் 'கான்ட் கீப் அப்' என்ற எச்சரிக்கை வரும். அது வந்தால் கோளாறு கணினியில்தான். இணைய வேகத்தைக் கூட்டுவதால் ஒன்றும் மாறாது. உலகம் எவ்வளவு தூரம் தெரியும் என்பதைக் குறிக்கும் வியூ டிஸ்டன்ஸ் 10 என்ற இயல்பு நிலையில் ஒவ்வொரு ஆட்டக்காரரைச் சுற்றியும் 21க்கு 21 என்ற சதுரத்தில் 441 சங்க்குகள் (உலகத்தைப் பிரித்த துண்டுகள்) வருகின்றன; அதை 6 ஆக்கினால் 169 ஆகக் குறையும். எச்சரிக்கை எதுவும் இல்லாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பிங் (பாக்கெட் போய்த் திரும்பும் நேரம்) ஏறினால், வீட்டில் யாரோ ஃபோன் படங்களை மேகச் சேமிப்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பதிவேற்றப் பாதை நிரம்பும்போது ஆட்டப் பாக்கெட்டுகள் ரவுட்டரின் வரிசையில் காத்துக்கிடக்கின்றன. சர்வர் கணினியை வைஃபையிலிருந்து லேன் கேபிளுக்கு மாற்றுவது, செலவு குறைவாக இருந்தும் பலரும் தள்ளிப்போடும் மாற்றம்.

வெளியிலிருந்து நண்பர் வர முடிகிறது என்றால் முன்பின் தெரியாதவரும் வர முடியும். ஐபிவி4 முகவரிகள் அனைத்தையும் வரிசையாகத் தட்டிப்பார்த்து, 25565 திறந்திருக்கும் சர்வர்களைப் பட்டியலிடும் நிரல்கள் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன; முகவரியை யாருக்கும் சொல்லவில்லை என்பது பாதுகாப்பாகாது. பட்டியலில் உள்ளவர்களை மட்டும் உள்ளே விடும் ஒயிட்லிஸ்ட்டை முதல் நாளே இயக்கிவிட வேண்டும். 'ஆன்லைன் மோட்' என்பதை அணைத்தால், பெயருக்கு உரியவர்தானா என்று சர்வர் சரிபார்க்காது. அப்போது உங்கள் பெயரைத் தட்டி உங்கள் முழு அதிகாரத்துடன் எவரும் நுழையலாம். ஒயிட்லிஸ்ட்டும் வெறும் பெயர்ப் பட்டியலாகிவிடும். தொலைவிலிருந்து சர்வரை நிர்வகிக்கும் ஆர்கான் வசதியின் 25575 போர்ட்டை ஒருபோதும் வெளியே திறக்க வேண்டாம். அதன் கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமல் பயணிக்கிறது.

பழைய பதிப்பையே வைத்திருக்க விரும்புபவர்கள் 2021 டிசம்பரை நினைவில் கொள்ள வேண்டும். சர்வரில் நடப்பவற்றைக் குறித்துவைக்கும் லாக்4ஜே என்ற நிரல் நூலகத்தில் கண்டறியப்பட்ட கோளாறின்படி, அரட்டைப் பெட்டியில் குறிப்பிட்ட வடிவில் ஒரு வரியைத் தட்டச்சு செய்தாலே சர்வர் கணினியில் அந்நிய நிரலை ஓட வைக்க முடிந்தது. மோஜாங் அந்த மாதம் 10ஆம் தேதி 1.18.1 பதிப்பை வெளியிட்டு அதைச் சரிசெய்தது. 1.7 முதல் 1.18 வரையிலான சர்வர்களில், தனியாகத் திருத்தம் செய்யப்படாதவை இன்றும் அதே நிலையில்தான் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றை இயக்கித்தான் ஆக வேண்டும் என்றால், மோஜாங் தந்த திருத்தத்தைச் சேர்த்து, டெய்ல்ஸ்கேல் போன்ற தனி வலையமைப்புக்குள் மட்டும் இயக்குங்கள். ஆட்டத்தில் ஆர்வம் குறைந்து சர்வரை நிறுத்திவிடும் நாளில் ரவுட்டரிலிருக்கும் ஃபார்வர்டிங் விதியையும் அழித்துவிடுங்கள். முகவரி ஒதுக்கீட்டை நீக்கிய பிறகும் விதி அங்கேயே கிடந்தால், நாளை அந்த உள் முகவரி வீட்டிலுள்ள கேமராவுக்கோ தொலைக்காட்சிக்கோ போகக்கூடும். அதற்கும் வெளியிலிருந்து அதே போர்ட் திறந்திருக்கும்.